தேதி கிழிக்கப்பட்ட துப்பறிவாளர்கள்

நாளிதழ்ச் சித்திரத் தொடர்களைத் தமிழில் மறுபதிப்புச் செய்யும் பழக்கத்துக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வார இதழ் ஒன்றிலிருந்து வந்தவர். அவர் பின்னாலேயே தமிழுக்கு வந்த கூட்டம் வேறு வகை: மாண்ட்ரேக் (1934), பிற்பாடு காரிகன் என்று பெயர் பெற்ற சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9 (1934), வேதாளர் (1936), பஸ் சாயர் என்ற சொந்தப் பெயரைத் துறந்து தமிழில் சார்லி ஆனவர் (1943), அங்கே ஜானி ஹசார்டாகப் பறந்து இங்கே விங் கமாண்டர் ஜார்ஜாகத் தரையிறங்கியவர் (1944), ரிப் கிர்பி (1946). எல்லோரும் அமெரிக்க நாளிதழ்களில் பிறந்தவர்கள். எல்லோருடைய பிறப்பும் இரண்டாம் உலகப் போரைச் சுற்றிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கும்.

முத்து காமிக்ஸின் பொன்விழாவை ஒட்டி இவர்களில் சிலர் கெட்டி அட்டைத் தொகுப்புகளாகத் திரும்பி வந்தார்கள். வேதாளர், மாண்ட்ரேக், கிர்பி, சார்லி ஆகியோருக்குச் சூட்டப்பட்ட பொதுத் தலைப்பு ‘ஸ்மாஷிங் 70ஸ்’. முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கும் வாசகர்கள் இவற்றுக்கு உண்டு; ‘கிளாசிக்’ என்ற பட்டமும் தாராளமாக வழங்கப்படுகிறது. ஆனால் தலைப்பைக் கவனிக்க வேண்டும். நான்கு நாயகர்களில் எவரும் எழுபதுகளில் பிறந்தவர் இல்லை. தலைப்பு சொல்லும் பத்தாண்டு, தமிழ் வாசகர் அரைக்கால் சட்டையோடு இவர்களை முதன்முதலில் சந்தித்த பத்தாண்டு. தொகுப்பு எதைத் தொகுக்கிறது என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. அதற்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் வாதமும் இதை மறைப்பதில்லை: இது மலரும் நினைவுகளுக்கான விருந்து, இதில் காலவரிசை, பதிப்பு முறை என்று கணக்குப் பார்ப்பது கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அரிசி விலை விசாரிப்பதைப் போன்றது.

நிறைகள் உண்மையானவை, அவற்றைச் சொல்லிவிடலாம். இத்தகைய தொகுப்புகள் வராவிட்டால் இந்தக் கதைகள் பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்பாளர்களின் பீரோக்களிலும் மட்டுமே மிஞ்சும். அங்கும் எழுபதுகளின் சாணிப் பேப்பர் ஓரத்திலிருந்து பொடிந்துகொண்டிருக்கிறது. பாக்கெட் அளவில் மை அப்பிய கறையாகத் தெரிந்த இடங்கள் பெரிய பக்கத்தில் நிழலாகவும் மழையாகவும் தெரிகின்றன. ஆங்கிலப் பேச்சுக்கென்று வரையப்பட்ட பலூனுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை, கதை கெடாமல் அடைப்பது லேசான வேலை அல்ல; சிவகாசி அதில் தேர்ந்த கை. அரசு மானியமோ பல்கலைக்கழக ஆதரவோ இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஒரு வாசகர் கூட்டத்தைக் கட்டிக் காத்ததும் சின்னக் காரியம் இல்லை.

குறை ஒன்றுதான். அது அடித்தளத்தில் இருக்கிறது. நாளிதழ்ச் சித்திரத்திலிருந்து இந்த மறுபதிப்புப் பழக்கம் நாளை எடுத்துவிடுகிறது.

நாளிதழ்ச் சித்திரத்தின் அலகு ஒரு நாள். கதை அந்த நாட்களின் கூட்டுத்தொகை. திங்கள் முதல் சனி வரை வாரத்துக்கு ஆறு பட்டைகள், ஒவ்வொரு பட்டையிலும் பெரும்பாலும் மூன்று கட்டங்கள். வேதாளருக்கும் மாண்ட்ரேக்குக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக வண்ணப் பக்கமும் தனிக் கதையும் உண்டு. கிர்பிக்கு ஞாயிறு விடுமுறை. முதல் கட்டம் நேற்றுப் பத்திரிகை வாங்காதவருக்கு நடந்ததைச் சொல்லும். நடுக் கட்டம் கதையை ஓரடி நகர்த்தும். கடைசிக் கட்டம் நாளைக்கும் பத்திரிகை வாங்க வைக்கும் கொக்கி. சனிக்கிழமைக் கொக்கி ஒரு முழு ஞாயிற்றைத் தாண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால் கூடுதல் கூர்மையோடு இருக்கும். திங்கட்கிழமை நினைவூட்டலும் அதே காரணத்தால் சற்று நீளும். நேற்றைய கடைசிக் கட்டத்தை இன்றைய முதல் கட்டம் தொட்டு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அந்தாதித் தொடை. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நிற்பதை யாரும் சொல் பற்றாக்குறை என்று சொல்வதில்லை, அது யாப்பு. பட்டையின் நினைவூட்டலும் கொக்கியும் அப்படிப்பட்ட யாப்புதான்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. 1942-இல், போரின் நடுவே, மதுரையில் தொடங்கப்பட்ட தினத்தந்தி 1960 முதல் கன்னித்தீவை நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. சில கட்டங்கள், தலையில் ஒரு வரிசை எண், மீதி நாளைக்கு. முடியாமல் இழுக்கும் வேலைக்கும் வழக்குக்கும் ‘கன்னித்தீவு’ என்றே பேச்சில் பெயர் வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் அதை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவர்களுக்குச் சிந்துபாதின் இன்றைய ஆபத்தும் அந்த எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டியவை. எண்ணை அழித்து, கட்டங்களைக் கலைத்து அடுக்கி, ‘முழு நீளச் சாகசம்’ என்று அட்டை போட்டால் அது கன்னித்தீவாக இருக்காது.

அமெரிக்கப் பட்டைகளுக்கு நடந்தது இதுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் ஓடிய ஒரு கிர்பி கதை என்றால் 13 வாரம், 78 பட்டைகள், பட்டைக்கு மூன்று வீதம் 234 கட்டங்கள். பக்கத்துக்கு ஆறு கட்டம் வைத்தால் 39 பக்கங்களில் கதை முடிந்துவிடும். 78 காலைப்பொழுதுகளுக்கு விரித்து வைத்ததை ஒரு மதிய ஓய்வுக்குள் படித்துவிடலாம். அந்த 39 பக்கங்களுக்குள் 78 நினைவூட்டல்களும் 78 கொக்கிகளும் கிடக்கின்றன. பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால், வாசகர் சில பக்கங்களிலேயே அந்த மூச்சுக்குப் பழகிக்கொள்வார். எல்லை அழிக்கப்பட்டால் அதே கட்டங்கள் பிழையாகத் தெரியும். வரிசைக்கு இரண்டு கட்டம் என்று அடுக்கும்போது திங்கட்கிழமையின் கடைசிக் கட்டமும் செவ்வாயின் முதல் கட்டமும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும். இடது கட்டத்தில் கதவு திறந்து துப்பாக்கி நீள்கிறது. வலது கட்டத்தில் கதவு திறந்து துப்பாக்கி நீண்டதாக ஒரு விளக்கம் வருகிறது. எழுதியவருக்குச் சொன்னதையே சொல்லும் நோய் என்று வாசகர் முடிவு செய்கிறார். ‘பழைய கதைகள் ஜவ்வு மாதிரி இழுக்கும்’ என்ற இன்றைய இளம் வாசகரின் புகாரில் பாதிக்குமேல் இந்த அடுக்கலின் விளைவு. பழி மட்டும் கதாசிரியர் தலையில்.

ஓவியத்துக்கு நேர்வது இதைவிட மோசம். அலெக்ஸ் ரேமண்ட் கிர்பியின் பட்டையை மூன்று தனிப் படங்களாக வரையவில்லை. அகலமான ஒரே வெளியை மூன்றாகப் பிரித்து, கறுப்பின் எடையை இடமிருந்து வலம் நகர்த்தி, தொலைவுக் காட்சி, அண்மைக் காட்சி, மறுபடி தொலைவு என்று கண்ணை நடத்திச் செல்வார். ஒரு பக்கம் நாற்காலியில் சாய்ந்த பெண் உருவத்தின் வளைவுக்கு மறு பக்கம் சன்னல் திரையின் நேர்கோடு பதில் சொல்லும். இந்தக் கட்டங்களைப் பிரித்து ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், மூன்று பேர் சேர்ந்து பாடிய பாட்டைத் தனித்தனியே பாடச் சொல்லிக் கேட்பதுபோல் ஆகும். பக்கத்தின் சதுரத்துக்குள் அடங்காத கட்டத்தின் ஓரம் வெட்டப்படும். போதாத கட்டத்துக்கு யாரோ ஒரு மேசைக் காலையோ ஒரு துண்டு வானத்தையோ வரைந்து சேர்ப்பார்கள். 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இந்த வெட்டையும் நீட்டலையும் இந்தியாவில் ஒரு தொழில்முறையாகவே ஆக்கிவிட்டது. பக்க எண்ணிக்கைக்கு ஏற்பக் கதைகளையும் குறுக்கியது. தமிழின் பாக்கெட் அளவுப் பதிப்புகள் நடந்ததும் அதே தடத்தில்தான். பெரிய பக்கத்துக்கு வந்ததால் சேதம் குறைந்திருக்கிறது. ஆனால் தொகுப்பின் அலகு இன்னும் கதைதான். நாளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

நாள் போனால் அதோடு போவது அழகு மட்டும் அல்ல. மூலப் பட்டை ஒவ்வொன்றின் மூலையிலும் பொடி எழுத்தில் இரண்டு விவரங்கள் இருக்கும்: உரிமை பெற்ற கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டின் பெயரும் ஆண்டும் ஓரிடத்தில், மாதமும் தேதியும் இன்னோரிடத்தில். கிர்பி முதன்முதலில் தோன்றிய பட்டையின் நாள் 1946 மார்ச் 4, திங்கட்கிழமை. அதன் மூலைக் குறிப்பு 3-4. மறுபதிப்புக்காகப் படத்தைத் துப்புரவு செய்யும்போது முதலில் சுரண்டப்படுவது இந்தப் பொடி எண்தான். கதைக்குச் சம்பந்தமில்லாத அழுக்காக அது கருதப்படுகிறது. துப்பறியும் கதையை அச்சிடுகிறவர்கள், தங்கள் கையிலிருக்கும் ஒரே தடயத்தைத் துடைத்துவிடுகிறார்கள்.

தேதி தெரிந்தால் கை யாருடையது என்று தெரியும். ரேமண்ட் 1956 செப்டம்பர் 6 அன்று கார் விபத்தில் இறந்தார். அன்று அவர் ஓட்டிய கார் அவருடையதுகூட இல்லை. சக ஓவியர் ஸ்டான் டிரேக்குடையது. அவருக்குப் பின் ஜான் பிரென்டிஸ் பொறுப்பேற்று 1999-இல் தொடர் நிற்கும் வரை வரைந்தார். ஆக, கிர்பியின் 53 ஆண்டுகளில் ரேமண்டின் பங்கு பத்தரை ஆண்டுதான். மீதி நாற்பத்து இரண்டுக்கும் மேல் பிரென்டிஸின் உழைப்பு. வசனமும் கதையும் வார்ட் கிரீனிடமிருந்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஃப்ரெட் டிக்கன்சனிடம் கைமாறின. எழுபதுகளின் தமிழ் இதழ்களில் இந்தப் பெயர்கள் அரிதாகவே தலைகாட்டின. இன்று ரேமண்டின் பெயர் தமிழ் வாசகருக்குத் தெரியும். அந்தப் பெயர் எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்பதுதான் தெரியாது. பிரென்டிஸ் வரைந்ததைக் காட்டி ரேமண்டைப் புகழ்வது, சீடனின் கச்சேரிக்குக் குருவுக்குச் சால்வை போர்த்துவதற்குச் சமம். காரிகன் விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது. 1934-இல் டேஷியல் ஹாமெட் எழுத ரேமண்ட் வரைந்து தொடங்கிய தொடர் அது. போர்க்காலத்தில் மெல் கிராஃப் கையில் இருந்தபோதுதான் பெயரில்லாத உளவாளிக்கு ஃபில் காரிகன் என்ற பெயர் கிடைத்தது. 1967 முதல் 1980 வரை ஆர்ச்சி குட்வின் எழுத ஆல் வில்லியம்சன் வரைந்தார். பின் ஜார்ஜ் எவன்ஸ் 1996 வரை. ‘காரிகன் கதை’ என்று மட்டும் சொன்னால், அறுபது ஆண்டுகளில் எதைச் சொல்கிறோம் என்பதே தெரியாது.

தேதி தெரிந்தால் வரிசையும் தெரியும். கிர்பியின் தொடரில் ஹனி டோரியன் தொடக்கக் கதையிலேயே அறிமுகமாகிறாள். பேகன் லீ எதிரணியில் அறிமுகமாகி, கதைகள் செல்லச் செல்ல நிறம் மாறுகிறாள். வீட்டு நிர்வாகி டெஸ்மண்ட் ஒரு காலத்தில் பூட்டு உடைத்தவர் என்பது அவரது ஒவ்வொரு மரியாதைச் சொல்லுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் வேடிக்கை. வேதாளர் 1936 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் டயானாவைக் காக்க வைத்து 1977-இல்தான் மணந்தார். பிறகு இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆனார். கையில் கிடைத்த கதை, வாசகர் விரும்பிய கதை, இதுவரை தமிழில் வராத கதை என்று பொறுக்கிக் கோக்கும் தொகுப்பில் இந்த வளர்ச்சிக்கு வழியில்லை. பிரம்மச்சாரி வேதாளரும் குடும்பஸ்தர் வேதாளரும் அடுத்தடுத்து வந்து போவார்கள். நாயகன் என்றும் மாறாதவன் என்ற எண்ணம் இப்படித்தான் வாசகர் மனத்தில் உறைந்துபோகிறது; மாறாதது நாயகன் இல்லை, அவனைக் கோத்த விதம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி போனால் போர் போய்விடுகிறது. ரேமண்ட் 1944-இல், தாம் வரைந்துவந்த ஃப்ளாஷ் கார்டன் தொடரை விட்டுவிட்டு அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து பசிபிக் கடலில் பணியாற்றியவர். திரும்பி வந்தபோது பழைய நாயகன் வேறொருவர் கையில் இருந்தான். அதனால் புதியவனை உருவாக்கினார். ரிப் கிர்பியும் மரைன் படையிலிருந்து வீடு திரும்பியவன். மூக்குக்கண்ணாடி, புகைக்குழாய், சதுரங்கம், பியானோ என்று அடிதடிக்கு விலகி நிற்கும் அந்தத் துப்பறிவாளன், போரின் வெடிச்சத்தத்தில் களைத்த ஒரு தலைமுறை தனக்காகச் செய்துகொண்ட உருவம். 1946 என்ற எண் பக்கத்தில் இருந்தால் அந்த மூக்குக்கண்ணாடிக்குப் பொருள் உண்டு. ‘70ஸ்’ என்ற பெயரின்கீழ் அது வெறும் அடையாளப் பொருள்.

வேதாளரின் 1942-ஆம் ஆண்டுக் கதை இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். அந்த ஆண்டு நாளிதழ்களில் ஜப்பானியப் படை வேதாளரின் காட்டுக்குள் நுழைந்தது. அதே மாதங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பர்மாவிலிருந்து தமிழர்கள் கால்நடையாக வந்துகொண்டிருந்தார்கள். மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டு வீடுகளில் பர்மா லேவாதேவி என்ற நூற்றாண்டுச் செல்வம் ஒரே பருவத்தில் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஜப்பானின் துணையோடு நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒரே எதிரி, அமெரிக்க நாளிதழ் வாசகருக்கு ஒரு பொருள், காரைக்குடிக்காரருக்கு இன்னொன்று, கோலாலம்பூர்த் தோட்டத் தமிழருக்கு மூன்றாவது. தேதி அச்சிட்ட பதிப்பில் இந்த மூன்றும் ஒரே கட்டத்தின்மேல் வந்து உட்காரும். அந்தக் காலத்துப் போர்ப் பிரசாரம் எதிரியின் முகத்தை எப்படிக் கோரமாக வரைந்தது என்பதும் புலப்படும். தேதியற்ற பதிப்பில் மிஞ்சுவது வில்லன் ஒருவன், குத்து ஒன்று. இந்திரஜால் வேறு, மூலத்தில் இருந்த பெங்காலியை டெங்காலி ஆக்கி, சிங் கடற்கொள்ளையரைச் சிங்கா ஆக்கி, கதையை இந்தியாவிலிருந்து பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டது. மனம் புண்படாமல் இருக்கச் செய்த மாற்றம் அது. ஆனால் இந்தியாவைப் பற்றி அமெரிக்கக் கற்பனை என்ன நினைத்தது என்று இந்திய வாசகர் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அதுவே அடைத்தது. மாற்றத்தைச் செய்தவர்கள் ஒரு வரிக் குறிப்புப் போட்டிருந்தால் இரண்டும் நிறைவேறியிருக்கும்.

எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது, செலவு. பட்டை கலையாமல் அச்சிட அகலப் பக்கம் வேண்டும், அகலப் பக்கத்துக்குத் தாள் சேதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் நெடும்பக்கத்திலும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பட்டைகளை முழுதாக வைக்க முடியும். கட்டம் சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். தேதிக்கோ செலவே இல்லை. தினசரி நாட்காட்டிக்குப் பேர்போன ஊர் சிவகாசி. நல்ல நேரம், ராகு காலம், பிறை, பண்டிகை என்று முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் தேதியை அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் ஊரிலிருந்து வரும் சித்திரக்கதைக்கு ஒரு தேதி கிடைக்கவில்லை என்பதைச் செலவுக் கணக்கால் விளக்க முடியாது.

இரண்டாவது, மூலப் பிரதி. சிண்டிகேட் தருவது எதுவோ அதைத்தான் அச்சிட முடியும். சில வேளைகளில் கிடைப்பதே பிற நாட்டவர் ஏற்கெனவே பக்கமாக்கிய வடிவம். இதுவும் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் ‘இது பக்கமாக்கப்பட்ட வடிவம்’ என்று முன்பக்கத்தில் ஒரு வரி சொல்லலாம். சொல்லாமல் விடும்போது வாசகர் கையிலிருப்பதையே மூலம் என்று நம்புகிறார்.

மூன்றாவதுதான் பெரியது, அதிகம் கேட்கப்படுவதும் அதுவே: காமிக்ஸ் பொழுதுபோக்கு, அதற்கு ஆராய்ச்சிப் பதிப்பு எதற்கு? இந்த வாதம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. வெறும் பொழுதுபோக்கு என்றால் கெட்டி அட்டை எதற்கு, கிளாசிக் என்ற பட்டம் எதற்கு? பட்டத்தைச் சூட்டும்போது இலக்கியம், கேள்வி வரும்போது பொழுதுபோக்கு என்று இரண்டு படகில் கால் வைக்க முடியாது. நினைவுக்கான விருந்து என்ற சமாதானமும் அதிக நாள் தாங்காது. எழுபதுகளில் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது நெருங்குகிறது அல்லது கடந்துவிட்டது. அவருடைய நினைவோடு முடிந்துபோகும் புத்தகத்துக்கு அடுத்த வாசகர் கிடையாது. அந்த நினைவு இல்லாத இருபது வயதுக்காரரிடம் புத்தகம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டும். தேதியும் பெயரும் வரிசையும் இல்லாத புத்தகத்துக்கு அந்தப் பேச்சுத் திறன் இல்லை.

பிற மொழிகளில் இது எப்போதோ தீர்ந்த வழக்கு. செஸ்டர் கோல்டின் டிக் ட்ரேசி 1931 அக்டோபரில் தொடங்கியது. அதன் முழுத் தொகுப்பு 2006 முதல் தேதி வரிசையில் வந்தது. போர்க்காலத்து வில்லன்களான ப்ரூன்ஃபேஸும் ஃப்ளாட்டாப்பும் எந்தக் காலையில் நுழைந்து எந்தக் காலையில் செத்தார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம். ரேமண்டின் கிர்பி 2009 முதல் அதே முறையில் நூலானது. 1984-இல் தமிழின் லயன் காமிக்ஸ் முதல் இதழுக்கு நாயகியான மாடஸ்டி பிளைசியின் நாளிதழ்த் தொடர், லண்டனில் 2004 முதல் 2017 வரை 30 நூல்களாகக் காலவரிசையில் முடிக்கப்பட்டது. வில் ஐஸ்னரின் ஸ்பிரிட் இன்னும் நல்ல பாடம். 1940 ஜூனில் ஞாயிறு இணைப்பாகத் தொடங்கிய அந்தத் தொடரை, ஐஸ்னர் 1942-இல் ராணுவத்துக்குப் போனபின் மற்றவர்கள் வரைந்தார்கள். பல இதழ்கள் சோடை. 26 நூல்களான முழுத் தொகுப்பு அந்தச் சோடை ஆண்டுகளையும் விடாமல் சேர்த்தது. அதனால்தான் 1945 கடைசியில் ஐஸ்னர் திரும்பி வரும்போது பக்கம் எப்படி உயிர்த்தெழுகிறது என்பதை வாசகர் தாமே காண முடிகிறது. இந்த நூல்களின் விலை தமிழ் வாசகருக்கு எட்டாது. எபனி என்ற கறுப்பினச் சிறுவனை ஸ்பிரிட் தொடரில் வரைந்த விதம் போன்ற அசிங்கங்களும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் அசிங்கம் எந்த ஆண்டுடையது என்று அங்கே தெரியும்.

வெளிநாட்டு உதாரணமும் தேவையில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் எந்த ஏடு எங்கே கிடைத்தது, எந்தப் பாடம் எதில் வேறுபடுகிறது என்று கணக்குக் காட்டிய மொழி இது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் அதன் ‘செந்தமிழ்’ இதழும் அந்தப் பதிப்பு ஒழுக்கத்தை இந்த வட்டாரத்திலேயே வளர்த்தவை. அங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் அச்சாகும் சித்திரக்கதைக்கு அந்த ஒழுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு கேட்பது பேராசை ஆகாது. 2023 ஜூலையில் மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பொது நூலகத்துக்கு ஒரு கிர்பி தொகுப்பு வந்து சேர்ந்தால், பட்டியல் எழுதுபவர் நான்கு கேள்வி கேட்பார்: எழுதியவர் யார், வரைந்தவர் யார், முதலில் வந்தது எப்போது, இது எத்தனையாவது கதை. புத்தகத்தைத் திறந்து நான்குக்கும் விடை காண முடியாவிட்டால், அட்டை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது தொகுப்பு ஆகாது, கதைக்கட்டு.

இந்தக் குறை தீர நான்கு காரியம் போதும். பட்டையைக் கலைக்காமல் வைப்பது. முடியாத இடத்தில் கலைத்ததாக ஒப்புக்கொள்வது. ஒவ்வொரு கதையின் தலைப்புப் பக்கத்திலும் மூலத்தில் அது தொடங்கிய நாள், முடிந்த நாள், எழுதியவர், வரைந்தவர், தொடரில் அதன் வரிசை எண் ஆகியவற்றை அச்சிடுவது. பெயரோ வசனமோ மாற்றப்பட்டிருந்தால் கடைசிப் பக்கத்தில் குறிப்பது. இவற்றில் தேதிதான் முதலில் வர வேண்டியது. மற்ற விவரங்கள் விடுபட்டாலும் தேதியைக் கொண்டு அவற்றை வாசகரே தேடிப் பிடிக்க முடியும். தமிழ்த் தலைப்பு இதழுக்கு இதழ் மாறலாம், நாயகன் பெயர்கூட ஹசார்டிலிருந்து ஜார்ஜ் ஆகலாம். எந்த மொழிக்குப் போனாலும் ஒரு பட்டை வெளியான நாள் மாறுவதில்லை. இனி வரும் தொகுப்புகளைத் தாள், அட்டை, அளவு ஆகியவற்றுக்கு முன்னால் இந்த அளவுகோலை வைத்தே எடைபோட வேண்டும்.